நாற்காலி மாறினால் பேனாவும் மாறட்டும்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் ஐயா அவர்களே, ஷிப்ட் முடிந்து நேராகப் பந்தலுக்கு வந்திருக்கும் திருப்பூர் மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

மேலாளராக உயர்ந்தவர் தன் வாட்சையும் பேனாவையும் பையையும் செருப்பையும் மாற்ற வேண்டுமா, வேண்டாமா? இதுதான் இன்றைய தலைப்பு. ‘வேண்டும்’ என்ற அணிக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய ஐயா, சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும், திறமை இருப்பவருக்கு வாட்ச் எதற்கு என்று கேட்டார். காமராசரின் கதர்ச் சட்டையைக் காட்டினார். சம்பளம் உயர்ந்த முதல் மாதமே தவணையில் விலை உயர்ந்த வாட்ச் வாங்கிக் கடனாளியாகும் பிள்ளைகளை நினைத்து வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு ஐயா. மாற்றச் சொல்கிறோமே தவிர, விலையைக் கூட்டச் சொல்லவில்லை.

நான் 14 வருடமாகப் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். செக்கிங் டேபிளில் ஆரம்பித்தேன், லைன் சூப்பர்வைசர் ஆனேன், இப்போது இரண்டு வருடமாக உற்பத்தி மேலாளர். மேலாளரான முதல் வாரத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓவர்லாக் தைக்கும் பெண் ஒருத்தி என் மேஜைக்கு வந்தாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், நான்கு நாள் லீவு வேண்டும் என்று ஆரம்பித்தாள். அன்றைக்குப் பையரின், அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனியின், ஆள் வருவதாக இருந்தது. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்க, மேஜையில் கவிழ்ந்து கிடந்த போனை எடுத்துத் திருப்பினேன். இரண்டு நொடி இருக்கும். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். “பரவால்லீங்க்கா, அப்புறம் வர்றேன்” என்று போனவள் வரவே இல்லை. சொல்லாமல் நான்கு நாள் லீவு எடுத்தாள். அவளுக்குக் கொடுக்க வேண்டிய மெமோ, கையெழுத்துக்காக என்னிடமே வந்தது. அதைக் கிழித்துப் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் வாட்ச் வாங்கினேன்.

சூப்பர்வைசராக இருந்தபோதும் நான் போனில்தான் மணி பார்த்தேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது அவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இப்போது நடுவில் ஒரு மேஜை வந்துவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவள் போனை எடுத்தால், இந்தப் பக்கம் நிற்பவளுக்கு அது ‘போ’ என்று சொன்ன மாதிரி. மணிக்கட்டைக் கண்ணின் ஓரத்தால் பார்த்துக்கொண்டே முழுப் பேச்சையும் கேட்கலாம். திறமை இதைச் செய்யாது ஐயா, வாட்ச்தான் செய்யும்.

சரி, எந்த வாட்ச்? எதிரணி நினைப்பது போலக் கண்ணைப் பறிக்கும் ஸ்டீல் செயின் வாட்ச் எங்கள் தொழிலுக்கு ஆகவே ஆகாது. நான் தினமும் சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணியைக் கையால் தொட்டு விரித்துப் பார்ப்பவள். செயினின் ஒரு கண்ணி துணியில் மாட்டினால் இழை இழுத்துக்கொண்டு வந்துவிடும், அந்த பீஸ் போச்சு. கல் வைத்த மோதிரமும் அப்படித்தான். அதனால் தட்டையான பக்கிள் உள்ள தோல் ஸ்ட்ராப், பெரிய எண், வெள்ளை முகம் என்று பார்த்து எடுத்தேன். நம் வியர்வைக்குத் தோல் பட்டை ஒரு வருடத்தில் நாற ஆரம்பிக்கும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். விலை 3,000 ரூபாய்க்குள். 1984-ல் டாட்டாவும் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்த டைட்டன் வாட்ச்தான். எனக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். என் உடம்பில் இருக்கும் எந்தப் பொருளும் என் லைனில் தைப்பவளின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. அவளுடைய மாதச் சம்பளத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அவளிடம் ஓவர்டைம் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

எளிமைக்குக் காமராசரைக் காட்டினீர்கள். நான் காந்தியைக் காட்டுகிறேன். சொத்து என்று அவரிடம் இருந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இடுப்பில் தொங்கிய கடிகாரம் ஒன்று. 1948 ஜனவரி 30 அன்று படேலுடன் பேச்சு நீண்டு, மாலைப் பிரார்த்தனைக்கு நேரம் தவறிவிட்டதே என்ற வருத்தத்தோடுதான் அவர் வேகமாக நடந்து போனார். தனக்காகக் காத்திருப்பவர்களின் நேரம் பெரிது என்று நினைத்த மனிதர் கடிகாரத்தை விடவில்லை. வேட்டியைச் சுருக்கிக்கொண்டவர், அதை மட்டும் வைத்துக்கொண்டார். காமராசரின் தோள் துண்டையும் அப்படித்தான் பார்க்கிறேன். அவர் எதையும் யோசிக்காமல் போட்டுக்கொண்டு வந்தவர் இல்லை.

அடுத்தது நோட்டும் பேனாவும். மேலாளரானதற்கு உறவினர் ஒருவர் அழகான ஃபைல் ஒன்று பரிசாகக் கொடுத்தார். அதில் ஸ்டேப்ளர் போட்ட தாள்களை வைத்துக்கொண்டு தைக்கும் இடத்துக்குள் போனேன். ஒரு டெய்லர் எழுந்து வந்து, “அக்கா, பின்னு” என்று காதோரம் சொன்னாள். இங்கிருக்கும் பலருக்கு இது தெரியும். ஊசி உடைந்தால் துண்டு எல்லாம் கிடைத்து, பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் எங்கள் மெஷின் ஓடும். கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் துணி முழுவதையும் மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தை போடப்போகும் சட்டை அது. குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் உள்ளே வரக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியவளே பின்னோடு உள்ளே நடந்திருக்கிறேன். இப்போது என் கையில் நூல் போட்டுத் தைத்த நோட்டு. பேனா, மூடி உள்ள பேனா. கிளிக் பேனா சட்டைப் பையிலேயே திறந்துகொள்ளும், வெள்ளைத் துணியில் ஒரு கோடு விழுந்தால் தேய்த்தாலும் போகாது. மை நீலம் அல்லது கறுப்பு. பச்சை மைப் பேனா ஒன்றை ஆசையாகக் கொடுத்தார்கள். அது அரசு அதிகாரிகளுக்கு வழக்கத்தில் வந்த மரியாதை, அவர்களுக்கே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிற்றையும் சொல்ல வேண்டும். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தைச் சோதிப்பவரும் அதற்கு எண்ணெய் விடுபவரும் உடம்பை ஒட்டிய ஆடைதான் அணிய வேண்டும் என்றது. மெஷின் மேல் குனிந்து பார்க்கும் மேலாளர் மட்டும் கயிற்றையும் டையையும் தொங்கவிடலாமா? இழுத்தால் தானே கழன்றுவிடும் கிளிப் வைத்த கயிறு கிடைக்கிறது. அதை வாங்குங்கள்.

பைக்கு வருகிறேன். இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. பளபளவென்று ஒரு கறுப்புப் பை வாங்கினேன், தோல் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒன்றரை வருடத்தில் ஓரம் எல்லாம் உரிய ஆரம்பித்தது. ஒரு நாள் பையர் முன்னால் வெள்ளைத் துணிச் சாம்பிளை எடுத்து விரித்தேன். துணி முழுக்கக் கறுப்புச் செதில்! அவர் விரல் நுனியால் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, “ஃபேப்ரிக் ஃபால்ட்டா?” என்று கேட்டார். துணி நன்றாக இருந்தது, பைதான் கெட்டிருந்தது. அந்த மாதிரிப் பையில் துணி மேல் ஒட்டிய பிளாஸ்டிக் படலம் நம் ஊர் ஈரத்திலும் வெயிலிலும் இப்படித்தான் உரியும். வாங்கும்போது பையின் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். ஒழுங்காக வெட்டிய படலமும் அதன் கீழே நெய்த துணியும் தெரிந்தால் ரெக்சின். ஆவாரம் பட்டை போட்டுத் தோல் பதனிடும் வித்தை நம் மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அடையாற்றில் 1948 முதல் தோல் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு உரியும் பையைச் சுமக்க வேண்டுமா? தோல் வாங்க வசதி இல்லையென்றால் கெட்டியான கான்வாஸ் பை போதும். நான் இன்று வைத்திருப்பது அதுதான். உள்ளே வெளிர் நிறத் துணி, சாயம் ஒட்டாது.

இனி எதிரணியின் பெரிய வாதம். ‘பொருள் வெறும் பொருள்தானே, அதில் என்ன மதிப்பு’ என்றார் ஐயா. வெறும் பொருள் என்றால், அதை ஏன் ஐயா ஒரு கூட்டத்துக்கு மட்டும் மறுத்தார்கள்? தென் திருவிதாங்கூரில் மார்பை மறைக்க ஒரு துணிக்காகப் பெண்கள் அடிபட்டார்கள். 1859-ல் அரசாணை வரும்வரை பல ஆண்டுகள் அந்தப் போராட்டம் நடந்தது. ஊருக்கு ஊர் அம்பேத்கர் சிலையைப் பாருங்கள், கோட்டும் பையில் பேனாவும் இல்லாத சிலை அபூர்வம். அந்தப் பேனாவை ஆடம்பரம் என்று யாராவது சொல்வார்களா? தலைமுறையில் முதல் ஆளாக ஒரு நாற்காலியில் உட்காருபவரிடம் போய், ‘பழைய செருப்போடே இரு, அதுதான் எளிமை’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எளிமையைத் தேர்ந்தெடுக்க, முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கையில் இருக்க வேண்டும்.

என் அப்பா எங்கள் ஊரில் ஒரு தெருவை, சின்ன வயதில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தவர். இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை, அத்தை சொல்லித்தான் தெரியும். மேலாளரானதும் ஆம்பூரில் செய்த கறுப்புத் தோல் ஷூ ஒன்று வாங்கினேன். ஈரத் தரையில் வழுக்காத ரப்பர் அடி, குதிகால் இல்லாதது, ஒன்பது மணி நேரம் நிற்கும் காலுக்குத் தகுந்தது. அப்பா அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். தையலை எண்ணுவது போல ஓரம் முழுக்கத் தடவினார். அப்புறம், “பொங்கலுக்கு ஊருக்கு இதப் போட்டுட்டு வா கண்ணு” என்றார்.

போட்டுக்கொண்டு போனேன். அந்தத் தெரு வழியாகத்தான் கூட்டிப் போனார். அவர் காலிலும் புதுச் செருப்பு. ஒரு வார்த்தை பேசவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை. தெருமுனை டீக்கடையில் நின்று, “ரெண்டு டீ” என்றார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அமர்கிறேன். வணக்கம்.