கட்டியக்காரன் பக்கம்

நடுவர் அவர்களே, மஞ்சக்குப்பத்தில் இந்த நேரத்திலும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'கலைஞர்கள் படும் பாட்டை மனதில் தைக்கச் சொல்வது சோகப் படமா, கோக்குமாக்கான நகைச்சுவையா?' இதுதான் தலைப்பு. நகைச்சுவையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நாகேஷின் 'சர்வர் சுந்தர'த்தைக் கையில் எடுத்தார். படப்பிடிப்பில் மகன், உயிருக்குப் போராடும் தாய். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது, எனக்கும் தொண்டை அடைத்தது. சரி, ஒன்று கேட்கிறேன். அந்த இடத்தில் நாம் ஏன் உடைந்துபோகிறோம்? அதுவரை நம்மைச் சிரிக்க வைத்த மனிதன் அழுகிறான், அதனால்தான்!

அதே 1964இல், அதே நாகேஷ், 'காதலிக்க நேரமில்லை'. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பாவுக்குப் படம் எடுக்க வேண்டும். பணம் இருப்பது அப்பா பாலையாவிடம். பாலையாவை உட்கார வைத்துக் கதை சொல்கிறார். கேமரா இல்லை, செட் இல்லை, கையில் காசும் இல்லை. வாயாலேயே சத்தம் கொடுத்து, கண்ணை உருட்டி, ஒரு திகில் படத்தையே ஓட்டிக் காட்டிவிடுகிறார். பாலையாவுக்கு முகம் வெளிறுகிறது. நமக்கு வயிறு வலிக்கிறது. ஆனால் தயாரிப்பாளர் முன்னால் கதை சொல்ல உட்கார்ந்த எந்த உதவி இயக்குநரையும் கேளுங்கள், 'இது என் பொழப்பு சார்' என்பார்.

ஐம்பது வருடம் கழித்து 'ஜிகர்தண்டா'. ரவுடிக் கதைதான் வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர். கதை தேடி மதுரைக்குப் போன இளம் இயக்குநர், சேது என்ற ரவுடியிடமே மாட்டிக்கொள்கிறான். 'நான்தான் ஹீரோ' என்கிறான் சேது. மறுத்தால் உயிர் மிஞ்சாது. ஊரை நடுங்க வைத்த கும்பல் நடிப்பு வாத்தியார் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நிற்கிறது! கடைசியில் படம் வெளியாகி, திரையில் தன்னைப் பார்த்து ஜனம் சிரிப்பதைச் சேது பார்க்கிறான். அரிவாளுக்கு அஞ்சாதவன் அங்கே கூனிக்குறுகுகிறான். ரசிகனிடம் அகப்பட்ட நடிகனின் பயத்தை இதைவிட நெருக்கமாக எந்தச் சோகப் படம் காட்டியது? பாபி சிம்ஹாவுக்குத் தேசிய விருது வந்ததும் அந்தச் சேதுவுக்காகத்தான்.

'சிரித்தால் வேதனை மலிந்துபோகும்' என்றார் எதிரணி அம்மையார். அம்மா, நாம் தென்னார்க்காட்டுக்காரர்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள். துகிலுரியும் கட்டத்தில் ஜனம் விம்மிக்கொண்டிருக்கும். அப்போதும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வருவான். பேசின பணம் வரவில்லை, டீகூட வரவில்லை என்று தன் கூட்டத்தின் கஷ்டத்தை அவிழ்த்துவிடுவான். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்புறம் யாரோ ஒருவர் எழுந்து போய் டீக்குச் சொல்லிவிட்டு வருவார். நாட்டாமைக்காரருக்கும் பணத்தின் ஞாபகம் வரும். அழுது கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா? அடுத்த நொடியே திரௌபதி குரல் எழுப்புவாள், அரங்கம் மறுபடி அழும். கட்டியக்காரனால் அவள் கண்ணீர் எங்கே மலிந்தது என்று எதிரணியினர் இந்த மேடையிலேயே சொல்லட்டும், நடுவர் அவர்களே. வணக்கம்.