ஃப்ரீன்னா உள்ளயும் ஃப்ரீயா இருக்கணும்ல

நேயர்களுக்கு வணக்கம். சின்ன ஊர்ல, கோடை லீவுல, குடும்பங்களுக்குன்னு இலவசமா ஒரு விழா நடத்துறத பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. நான் பெரிய ஆர்கனைசர்லாம் இல்லைங்க, சேர் தூக்கிப் போட்டு, கயிறு கட்டி, மைக்ல கத்தி, கடைசியில குப்பை அள்ளின வாலண்டியர், அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல இந்த ஃப்ரீ மேட்டர். பேனர்ல அனுமதி இலவசம்னு போட்டுட்டு உள்ள ராட்டினத்துக்கு டோக்கன், மூஞ்சில பெயிண்ட் அடிக்க டோக்கன்னு வச்சா அது எப்படிங்க ஃப்ரீ? ஒத்தப் புள்ளையோட வர்றவங்களுக்கு அது உறைக்காது, மூணு புள்ளைங்கள கூட்டிட்டு வர்ற அம்மா கேட்டுக்குள்ள நுழையும்போதே மனசுல கணக்கு போட ஆரம்பிச்சுடுவாங்க, அப்புறம் "அங்க பாக்காத, இங்க வா"ன்னு கைய பிடிச்சு இழுத்துட்டேதான் சுத்துவாங்க, பாவமா இருக்கும். பத்து விளையாட்டு வைக்க காசில்லையா, நாலு வைங்க, நாலும் ஃப்ரீயா வைங்க. காசு எங்கருந்து வரும்னா ஸ்டால் வாடகை, ஸ்பான்சர் பேனர், ஊர்க்காரங்க நன்கொடை, அவ்ளோதான். அதுல பாதிய மேடையும் சவுண்டும் ஜெனரேட்டரும் முழுங்கிடும். பேர் பெத்த பாடகர கூப்பிடணும்னு கமிட்டில ஒருத்தர் கண்டிப்பா அடம்பிடிப்பாரு, அவரு பாட வர்ற நேரத்துக்கு புள்ளைங்க தோள்ல தூங்கிட்டிருக்கும்.

ஏன்னா ஒரு குடும்பம் எவ்ளோ நேரம் இருக்கும்ங்கறத முடிவு பண்றது வீட்டுல இருக்குற கடைக்குட்டிதான். அதுக்கு நிழல், தண்ணி, பக்கத்துலயே ஒரு டாய்லெட், இது மூணும் இருந்தா போதும். வெயில்ல புற ஊதாக் கதிர் உக்கிரமா இருக்குறது காலையில 10 மணியிலருந்து சாயங்காலம் 4 மணி வரைக்கும், அதனால விழாவ 4 மணிக்கு மேல ஆரம்பிங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

சவுண்டும் அப்படித்தான். இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு 15 நிமிஷ சராசரி 100 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல ஒரு வரைமுறை கொடுத்துச்சு. என்னைக் கேட்டா குழந்தைங்க நிக்கிற இடத்துக்கு அதுவே ஜாஸ்தி. ஸ்பீக்கர் முன்னாடி ஒரு வாண்டு காதப் பொத்திக்கிட்டு நின்னா சவுண்ட்காரர்ட்ட போய் சண்டை போடுங்க, தப்பே இல்ல.

அப்புறம் பவுன்சி காஸில், அதான் காத்தடிச்சு குதிக்கிற கோட்டை. மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல காத்து அடிச்சா அதுல யாரையும் ஏத்தக்கூடாதுன்னு ஐரோப்பாவுல ஸ்டாண்டர்டே இருக்கு, கோட்டை அப்படியே தூக்கிட்டு போயிடும். ஒருநாள் சாயங்காலம் காத்து திடீர்னு கிளம்பிடுச்சு, நாங்க எல்லாரையும் இறக்கிட்டு காத்த பிடுங்கி விட்டுட்டோம், கோட்டை மெல்ல மெல்ல சுருங்க சுருங்க க்யூவுல நின்ன அத்தனை புள்ளைங்களும் ஒண்ணா அழுதுச்சுங்க, பெத்தவங்க எங்கள திட்டின திட்டு இருக்கே, இன்னிக்கும் காதுல கேக்குது. பரவால்ல, திட்டு வாங்கலாம்.

தொலைஞ்ச புள்ளை கதை ஒண்ணு சொல்லணும். நாலு வயசு இருக்கும், கைய பிடிச்சு கூட்டிட்டு வந்து மேடை பக்கத்துல உக்கார வச்சோம். "அம்மா பேர் என்னடா கண்ணா?"ன்னு கேட்டா "அம்மா"ங்கறான். "அப்பா பேரு?" "அப்பா." ஃபோன் நம்பர்லாம் எங்க கேக்குறது! நான் அவசரத்துல மைக்ல அவன் போட்டிருந்த சட்டை கலர சொல்லிட்டேன், அது பெரிய தப்புங்க, யார் வேணாலும் நான்தான் சொந்தக்காரன்னு வந்து நிக்கலாம்ல. அடையாளத்த நாம சொல்லக்கூடாது, தேடி வர்றவங்கதான் சொல்லணும். அவங்க அம்மா அரை மணி நேரம் கழிச்சு வந்தாங்க, ஸ்பீக்கருக்கு பின்பக்கம் நின்னதால அறிவிப்பே அவங்களுக்கு சரியா கேக்கல. அடுத்த வருஷத்துலருந்து கேட்லயே ஒரு பேப்பர் பட்டை, அதுல பெத்தவங்க நம்பர மட்டும் பேனாவால எழுதி புள்ளை கையில கட்டி விட்டுடுறோம், பேர் எழுதுறதில்ல.

ராத்திரி எல்லாரும் போனப்புறம் டார்ச் அடிச்சுகிட்டே குப்பை பொறுக்குவோம். தண்ணி பாட்டில், உடைஞ்ச பொம்மை, கிளிப்பு, இதெல்லாம் கிடக்கும், சரி. ஆனா ஒவ்வொரு வருஷமும் ஒரு ஏழெட்டு ஒத்தச் செருப்பு கிடக்குதே, சின்ன சின்ன செருப்பு, அந்தப் புள்ளைங்கல்லாம் வீட்டுக்கு எப்படிப் போச்சுங்கன்னு எனக்கு இன்னும் புரியலைங்க.