பிரிகாம் யங்கும் கைவண்டிகளும்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு பிரிகாம் யங் பற்றிப் பேசப் போகிறேன். அமெரிக்காவில் கிறிஸ்தவ மரபிலிருந்து தோன்றிய மோர்மன் சபையின் இரண்டாவது தலைவர். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியை உருவாக்கியவர்.

1801ல் வெர்மாண்ட்டில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு அதிகமில்லை. தச்சு வேலை, ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவது, பெயின்ட் அடிப்பது, இதுதான் பிழைப்பு. 1832ல் சபையில் சேர்ந்தார். 1844ல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் இல்லினாயில் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது. மோர்மன்களை ஊரிலும் இருக்க விடவில்லை. 1846 பிப்ரவரி குளிரில், யங் தலைமையில், மிசிசிப்பி ஆற்றைக் கடந்து மேற்கே கிளம்பினார்கள்.

போகிற வழியில், அயோவாவில் இரண்டு இடங்களில் நிலத்தைத் திருத்தி விதைத்துவிட்டுப் போனார்கள். விதைத்தவர்களில் பலர் அறுப்புக்கு நிற்கவில்லை. பின்னால் வருகிற குடும்பங்களுக்கான விளைச்சல் அது. வீடு வாசலை விட்டு ஓடுகிற நேரத்தில் இப்படி யோசித்திருக்கிறார்களே! இவரைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததே இதனால்தான்.

1847 ஜூலை 24 அன்று சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்தபோது அவருக்குக் காய்ச்சல். வண்டியில் படுத்தபடி வந்தார். முன்னால் வந்தவர்கள் அதற்குள் ஓடையை மறித்து, இறுகிக் கிடந்த மண்ணை நனைத்து, உழத் தொடங்கியிருந்தார்கள். சால்ட் லேக் சிட்டி இருக்கும் யூட்டா மாநிலத்தில் ஜூலை 24 இன்றும் அரசு விடுமுறை.

சரி, இப்போது கைவண்டி. சபையில் சேர்ந்து, சால்ட் லேக்குக்குப் போக ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகளுக்கு மாட்டு வண்டி வாங்க வசதியில்லை. சபையின் நிதியும் வறண்டிருந்தது. ஆளே இழுத்துக்கொண்டு நடக்கிற கைவண்டியை யங் முன்வைத்தார். 1856ல் வில்லி, மார்ட்டின் என்ற இரண்டு குழுக்கள், சுமார் 1,000 பேர், மிகத் தாமதமாகக் கிளம்பின. காயாத மரத்தில் அவசரமாகச் செய்த வண்டிகள் வறண்ட காற்றில் பிளந்தன. தச்சராக இருந்தவருடைய திட்டத்தில் இப்படி நடந்ததுதான் என்னை வருத்துகிறது. வயோமிங்கில் பனி பிடித்துக்கொண்டது. அக்டோபரில் செய்தி கிடைத்ததும், சபைக் கூட்டத்தில் யங் வேறு பேச்சே எடுக்கவில்லை: போய் அவர்களை அழைத்து வாருங்கள் என்றார். கோவேறு கழுதைகள், மாவு, வண்டியோட்டிகள் என்று கேட்டு வாங்கி உடனே அனுப்பினார். அப்படியும் 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மீட்க ஆள் அனுப்பிய வேகத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தத் திட்டமும் அவருடையதுதான், அதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

ஐம்பதுக்கும் மேற்பட்ட திருமணங்கள், 1857ல் மோர்மன் படையினர் சுமார் 120 பயணிகளைக் கொன்ற மவுண்டன் மெடோஸ் படுகொலை, இவற்றுக்குத் தனித்தனி வீடியோ வேண்டும். அவர் 1877ல் இறந்தார்.

சால்ட் லேக் சிட்டியில் அவருக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. அதிலுள்ள பட்டயத்தில் 1847ல் வந்த முதல் குழுவினரின் பெயர்கள் இருக்கின்றன. அதில் மூன்று பெயர்கள் மட்டும் தனியாக, ‘கறுப்பினப் பணியாளர்கள்’ என்ற தலைப்பில்: கிரீன் ஃபிளேக், ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பி. மூவரும் அடிமைகள். 1852ல் யூட்டாவில் அடிமைமுறைக்குச் சட்ட இடம் கொடுத்தபோது ஆளுநர் யங். கறுப்பின ஆண்கள் குருத்துவம் பெறக் கூடாது என்றும் அதே ஆண்டு அறிவித்தார். அந்தத் தடை 1978 வரை நீடித்தது. கிரீன் ஃபிளேக் பள்ளத்தாக்குக்குள் வந்தது ஜூலை 22. யங் வருவதற்கு இரண்டு நாள் முன்பு.