முற்றத்து வாங்கும் மாரி மழையும்

வணக்கம் நேயர்களே. கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் முதிரை மரத்தில் செய்த நீள இருக்கை, ஒரு வாங்கு, கிடக்கிறது. அப்பப்பா காலத்துச் சாமான். 1978 நவம்பர் 23இல் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டபோது ஒரு தென்னை அதன் மேலேயே சரிந்ததாம். தென்னையைத் துண்டு போட்டு எடுத்துப் பார்த்தால் வாங்கில் ஒரு கீறல்தான் இருந்தது என்று அப்பா சொல்லுவார். அந்த வாங்கை நான் ஒரே மாரியில் கெடுத்தேன், ஒரு நீலத் தறப்பாளால்.

பாதுகாக்கத்தான் செய்தேன். ஐப்பசிக் கடைசியில் நாலு பக்கமும் இறுக்கிச் சுற்றி, நைலோன் கயிற்றால் நிலம் முட்டக் கட்டிவிட்டேன். பொங்கலுக்கு முற்றம் கூட்டும்போது அவிழ்த்தால் குப்பென்று புளித்த மணம். பலகை முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். பின்கால் ஒன்றின் அடியைப் பெருவிரலால் அழுத்தினேன். தேத்தண்ணீரில் ஊறிய ரஸ்க் மாதிரி உள்ளே போனது.

தச்சு வேலை செய்யும் ஓடாவியார் வந்து பார்த்துச் சிரித்தார். "மழையில நனைஞ்சா காயும் தம்பி. நீங்க அதைக் காய விடல்லியே" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். ஈர மண்ணிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். தறப்பாள் அதை வெளியே விடாது. இரவில் குளிர்ந்து உள்பக்கமாகவே சொட்டும். கூரை வேண்டும், சுவர் வேண்டாம். கம்பு நட்டு ஒரு தகரத்தையோ தறப்பாளையோ மேலே சரிவாகக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். வாடைக்காற்று புகுந்து போகட்டும். கிடுகுக் கொட்டில்களில் கிடந்த வாங்குகள் நெடுநாள் இருந்ததும் இதனால்தான்.

அடுத்தது கால்கள். மரத்தைக் குறுக்கே வெட்டிய இடத்தில் அதன் நரம்புகளெல்லாம் வாய் திறந்திருக்கும். தண்ணீர் பலகையின் முகத்தில் ஊறுவதைவிட அங்கே பல மடங்கு வேகமாக ஏறும். நாங்களோ முகத்துக்கு மூன்று கோட் வார்னிஷ் அடித்துவிட்டு, காலின் அடியை வெறுமனே ஈரமண்ணில் ஊன்றி வைக்கிறோம். மழை தொடங்குமுன் வாங்கைக் கவிழ்த்து, நல்ல வெயிலில் காயவிட்டு, அடிப்பாகம் குடிக்கும்வரை எண்ணெயோ பெயின்ட்டோ பூசுங்கள். அப்புறம் ஒவ்வொரு காலுக்கும் அரைச் செங்கல். கறையான் வந்தாலும் செங்கல்லின் மேல் மண்கோடு போட்டுத்தான் ஏற வேண்டும், கண்ணில் படும்.

வார்னிஷ் விறாந்தைக்குள் அழகுதான். வெளியில், கச்சான் காற்று வீசும் மாதங்களின் வெயிலில், அது மயிரிழையாக வெடிக்கும். மாரித் தண்ணீர் அந்த வெடிப்பால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் ஊறுவதால் அப்படி உரியாது. வருஷம் ஒருமுறை துடைத்துப் பூசினால் போதும். கழிவு ஒயில் பூசச் சொல்பவர்களும் உண்டு. வேலிக்கட்டைக்குச் சரி. வாங்குக்குப் பூசினால், வெள்ளை வேட்டியோடு வந்த சம்பந்தி எழும்பும்போது தெரியும்!

கடற்கரைப் பக்கம் இரும்புக் கதிரை வைத்திருப்பவர்களுக்குப் பகை உப்புக்காற்று. கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. கறளை, அதாவது துருவை, சுரண்டாமல் மேலே பெயின்ட் அடித்தால் அது கொப்புளித்துக் கிளம்பும். சுரண்டி, கறள் தடுக்கும் பூச்சு ஒன்று கொடுத்த பிறகே நிறம். குழாய்க் கதிரை என்றால் கால்களைத் தட்டிப் பாருங்கள். மேல்துளை வழியாகப் போன தண்ணீர் அடி மூடியில் தங்கி உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டிருக்கும். வெளியே மினுங்கும், ஒருநாள் பாரமான ஆள் இருக்கும்போது மடியும். அந்த மூடியில் சின்னத் துளை ஒன்று போட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக் கதிரைக்கு மழை ஒன்றும் செய்யாது, வெயில்தான் எமன். கையால் தடவினால் வெள்ளை மா ஒட்டுகிறதா? அதில் வயசானவர்களை இருத்தாதீர்கள். அதற்கு வைத்தியமும் இல்லை.

எங்கள் வாங்குக்கு ஓடாவியார் உக்கின பகுதியை அறுத்தெடுத்து, புது முதிரைத் துண்டு பொருத்தித் தந்தார். அதன் நிறம் இன்னும் பழசோடு சேரவில்லை. நீலத் தறப்பாள் இப்போது விறகு அடுக்கில் கிடக்கிறது. மேலே மட்டும்.

வணக்கம்.