சபையிலே பேசினா சாக்கடை ஓடுமா?

நடுவர் அவர்களே, ரெண்டு அணித் தோழர்களே, மேலூர், உசிலம்பட்டின்னு பஸ் ஏறி வந்து பந்தலை நிறைச்சிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். பேரு பேரா விளிச்சா மணி அடிச்சிருவாங்க.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். சட்டமன்ற உறுப்பினரோட முதல் கடமை சபையில மக்களாட்சியைக் காப்பதா, தொகுதியில மக்கள் சேவையா? நான் சபைக் கட்சி. கட்சின்னதும் யாரும் நெளிய வேண்டாம், எந்தக் கரை வேட்டியையும் இன்னைக்குத் தொடமாட்டேன்.

இப்ப பேசி உட்கார்ந்த எதிரணி அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. நீங்க தட்டுன தட்டுல மைக்செட்காரர் எந்திரிச்சுட்டாரு. "ஏன்யா, சபையிலே பேசினா சாக்கடை ஓடுமா?" கையில வச்சிருந்த குறிப்புச் சீட்டை மடிச்சு வச்சுட்டேன். அக்கா, இன்னைக்கு வேற பேச்சே கிடையாது. சாக்கடைதான்.

நம்ம மதுரை செல்லூர்ப் பக்கம் ஒரு சந்துன்னு வச்சுக்கங்க. எந்தச் சந்துன்னு கேட்காதீங்க. கேட்டா மாநகராட்சியோட 100 வார்டுக்காரங்களும் "அது எங்க சந்துதான்"னு எந்திரிச்சிருவீங்க. அங்கே ஒரு அப்பத்தா. வாசல்ல சாக்கடை கட்டிக்கிட்டு நிக்குது. மனு எழுதி எடுத்துக்கிட்டு நேரா எம்.எல்.ஏ. ஆபீஸ். அவரு நல்ல மனுசன். அக்கா சொன்ன மாதிரியே சேவை செய்யிற மனுசன். மறுநாளே நேர்ல வந்துட்டாரு. கூட ஒரு பதினஞ்சு பேர். மூடியைத் தூக்குனாங்க, அடைச்சிருந்த மண்ணை அள்ளுனாங்க, போட்டோ எடுத்தாங்க. போட்டோவுல எல்லாரும் இருக்காங்க, சாக்கடையைத்தான் காணோம். அம்புட்டுக் கூட்டம்!

அள்ளுன மண்ணு எங்கே? அங்கேயே கரையில. ஈர மண்ணை லாரியில ஏத்துனா ரோடு பூராம் ஒழுகும், காஞ்சப்புறம் அள்ளிக்கிறோம்னு சொல்லிட்டுப் போனாங்க. நியாயம்தான். ஆனா மண்ணு காயறதுக்கு முன்னாடி மழை வந்துருச்சு. மதுரையில மழை எப்பவாச்சும்தான் வரும், அன்னைக்குன்னு வந்துச்சு. கரையில இருந்த மண்ணு மறுபடியும் உள்ளே.

அப்பத்தா மறுபடியும் மனு. இந்தத் தடவை உதவியாளர் வந்தாரு. மறுபடியும் அள்ளுனாங்க, மறுபடியும் அடைப்பு. மூணாவது தடவை என்ஜினியரே வந்தாரு. அப்பத்தா மனுவும் கொடுக்கல, சத்தமும் போடல. ஒரு குடம் தண்ணியைத் தூக்கிட்டு வந்து வாய்க்கால் தலைமாட்டுல ஊத்துனாங்க. தண்ணி பத்தடி போச்சு, நின்னு யோசிச்சுச்சு, திரும்பி அப்பத்தா காலுக்கே வந்துருச்சு. "தம்பி, இது எங்கிட்டுப் போகணும்னு இதுக்கே தெரியலையே"ன்னாங்க.

என்ஜினியர் தலையைச் சொறிஞ்சாரு. நோய் அங்கேதான் இருக்கு. வாட்டம் இல்லை! போற பக்கமா கொஞ்சமாவது சரிஞ்சாத்தானே தண்ணி ஓடும்? தெருவோட இந்தப் பாதியை ஒரு டெண்டர்ல ஒருத்தர் கட்டினாரு. அந்தப் பாதியை வேற வருசம், வேற டெண்டர்ல வேறொருத்தர். ரெண்டு மட்டமும் சேரல. பழைய ரோட்டைச் சுரண்டாம மேலேயே தார் போட்டுப் போட்டு ரோடு ஏறிருச்சு, வீடும் வாய்க்காலும் பள்ளத்துல இறங்கிருச்சு. இது போக, கட்டினது மழைத்தண்ணிக்கு. வீட்டுக் குழாயைத் திருப்பிவிட்டது கக்கூஸ் தண்ணிக்கு. பதினஞ்சு பேரு இல்லை, அஞ்சு ஜில்லாவும் வந்து அள்ளினாலும் அந்தச் சாக்கடை ஓடாதக்கா.

ஓடணும்னா பாதாளச் சாக்கடை வேணும். வீட்டுக்கு வீடு இணைப்பு, ஆளிறங்கும் குழி, கழிவுநீரேற்று நிலையம், அங்கிருந்து அவனியாபுரமோ சக்கிமங்கலமோ சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் குழாய். இதுக்குப் பணம் எங்கே இருக்கு? தொகுதி மேம்பாட்டு நிதியிலன்னு அக்கா சொல்லுவாங்க. கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டுல ஒரு தொகுதிக்கு வருசத்துக்கு 3 கோடி. தொகுதிக்கு 3 லட்சம் வாக்காளர்னு வச்சா தலைக்கு 100 ரூபா. 234 தொகுதிக்கும் கூட்டினா 702 கோடி. அரசு ஒரு வருசத்துக்குச் செலவழிக்கிறது 3 லட்சம் கோடிக்கும் மேல. அதாவது நூறு ரூபாயில கால் ரூபா கூட இல்லை. அக்கா அந்தக் கால் ரூபாயை எடுத்துக்கிட்டு, மீதியை யாரு கையில கொடுக்கச் சொல்றாங்க?

அந்தக் கால் ரூபாயாவது சுளுவா இறங்குமா? உறுப்பினர் பரிந்துரைக் கடிதம் கொடுக்கணும். ஆட்சியருக்குப் போகணும். என்ஜினியர் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை, அளவுப் புத்தகம், அப்புறம் பில். இடம் யாரு பேர்ல இருக்குன்னு பார்க்காம ரேஷன் கடைக்குக் கடிதம் கொடுத்திருப்பாங்க. மதிப்பீடு போடப் போனா அது கண்மாய்ப் புறம்போக்கு, கட்டக் கூடாது. முச்சந்தியில உயர்கோபுர விளக்கு போடுவாங்க, மின் கட்டணம் யாரு தலையிலன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. திறப்பு விழா அன்னைக்கு மட்டும் எரியும்.

மீதிப் பணம் சபையில இருக்கு. "இந்தத் துறைக்கு இவ்வளவு செலவழிக்க ஒத்துக்கங்க"ன்னு அரசு சபையைக் கேட்கும். மானியக் கோரிக்கைன்னு பேரு, துறை துறையா வரும். அரசமைப்புச் சட்டம் 203-ஆவது பிரிவு சொல்லுது: சபை ஒத்துக்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். நாடாளுமன்ற விதியில ஒரு வேடிக்கை இருக்கு. பல ஆயிரம் கோடிக் கோரிக்கையில "100 ரூபாயை வெட்டுங்க"ன்னு தீர்மானம் கொடுக்கலாம். அந்த நூறு ரூபாயில என்ன மிச்சம்? ஒண்ணுமில்லை. இன்ன ஊருல இன்ன குறைன்னு அதைச் சாக்கா வச்சுப் பேசலாம், அமைச்சர் பதில் சொல்லியாகணும். அந்தப் பதில் நடவடிக்கைக் குறிப்புல ஏறிரும். அப்பத்தாவோட குடம் போக வேண்டிய இடம் அதுதான். இன்னொரு கூத்தும் உண்டு. நேரம் முடிஞ்சுருச்சுன்னா பேசாத கோரிக்கையை எல்லாம் ஒரே மூச்சுல ஓட்டுக்கு விட்டு நிறைவேத்திருவாங்க. நம்ம ஆளு அன்னைக்குக் காதுகுத்துல மொய் எழுதிக்கிட்டு இருந்தா அந்தச் சந்து அப்படியே போச்சு.

சபை நடக்கவே பத்துல ஒரு பங்கு பேராவது இருக்கணும். 234-க்கு 24. அனுமதி வாங்காம 60 நாள் சபைக்கு வரலைன்னா அந்த இடம் காலின்னு சபை அறிவிக்கலாம். 190-ஆவது பிரிவு. தொகுதிக்கு 60 நாள் வரலைன்னா? சட்டத்துல ஒரு வரி கிடையாது! எது முதல் கடமைன்னு தீர்ப்பை அப்பவே எழுதி வச்சுட்டாங்க, நடுவர் அவர்களே. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்.

அக்கா சிரிக்கிறாங்க. சரி, நம்ம ஊரு சங்கதிக்கே வர்றேன். அரிட்டாபட்டி. 2022-ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச ஊரு. 2024 நவம்பர்ல அதைச் சுத்தி 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துல போச்சு. கிராமசபையில தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றத்துல ஒருமனதாத் தீர்மானம். ஜனவரியில மேலூர்ப் பக்கத்து ஜனம் மதுரைத் தல்லாகுளம் வரைக்கும் திரண்டு வந்துச்சு. 2025 ஜனவரி 23-ல ஏலம் ரத்து. சபை மட்டும்தான் சாதிச்சதுன்னு நான் சொன்னா அது பொய். ரோட்டுல இறங்கி நடந்தது ஜனம். ஆனா கண்மாயையும் மலையையும் எந்த மேம்பாட்டு நிதியில மீட்பீங்க? அதுக்கு மதிப்பீடு போட எந்த என்ஜினியர் இருக்காரு?

ஒரு நிமிஷம்னு நடுவர் விரலைக் காட்டுறாரு. இனிமே கைதட்ட வேண்டாம்.

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996-ல ஊராட்சித் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்டவங்களுக்கு ஒதுக்குனாங்க. பத்து வருசம்! வேட்புமனு போட ஆள் வரமுடியல. ஜெயிச்சவங்க ஜெயிச்ச கையோட ராஜினாமா. 2006 அக்டோபர்லதான் ஒழுங்கா ஒரு தேர்தல் நடந்துச்சு. அந்தப் பத்து வருசமும் குழாய் ரிப்பேருக்கும் பல்பு மாட்டவும் தலைவருக்குப் பதிலா அரசு போட்ட தனி அலுவலர் கையெழுத்துப் போடலாம். சேவைக்கு ஆளு உண்டு. இல்லாதது ஒரு மனுசன் அந்த நாற்காலியில உட்கார்ற உரிமை.

மேலூர்ப் பக்கம் மேலவளவு. அதே ஒதுக்கீடு. அங்கே முருகேசன்னு ஒருத்தர் நின்னாரு, ஜெயிச்சாரு, ராஜினாமா செய்ய மாட்டேன்னாரு. 1997 ஜூன் 30. மதுரையில ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிட்டு பஸ்ல ஊரு திரும்புறாங்க. வழியில வச்சு அவரையும் சேர்த்து ஏழு பேரை வெட்டினாங்க.

அக்கா, அவரும் மக்கள் பிரதிநிதிதான். அவரை யாரும் சாக்கடை அள்ளலைன்னு வெட்டலை, ரோடு போடலைன்னு வெட்டலை. தலைவரா இருந்தாருன்னு வெட்டினாங்க. அந்த ஏழு வீட்டு வாசல்ல நின்னு "சேவைதான் முதல், மத்ததெல்லாம் அப்புறம்"னு உங்க அணியால சொல்ல முடியும்னா, நான் தோத்துட்டேன்னு எழுதிக்கங்க நடுவர் அவர்களே. வணக்கம்.