மஸ்கெலியாவில் மோதிய விமானமும் கட்டுநாயக்காவில் விழுந்த விமானமும் ஒன்றா?

கிண்ணியாவில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "ஹஜ் பயணிகளோடு வந்த விமானம் கட்டுநாயக்காவில் தென்னந்தோட்டத்துக்குள் விழுந்தது என்கிறார் வாப்பா. பக்கத்து வீட்டுக்காரரோ அது மலையில் மோதியது என்று சண்டைக்கு வருகிறார். எது சரி ஐயா?"

இரண்டு பேரும் சரி. அது இரண்டு விமானம், இரண்டு வருடம். ஆனால் குழம்பினால் குற்றம் சொல்ல முடியாது. இரண்டும் டிசி-8 என்ற ஒரே வகை விமானம். இரண்டிலும் இந்தோனேசிய ஹஜ் பயணிகள். இரண்டும் இரவு நேரத்தில் கட்டுநாயக்காவில் இறங்க வந்தவை.

முதலாவது 1974 டிசம்பர் 4. சுரபாயாவில் இருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள், நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் விமானம். மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் போய்விட்டார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. அதன் ரயர் ஒன்றை நோர்ட்டன் பிரிஜில் நினைவாக வைத்திருக்கிறார்கள். இரண்டாவது 1978 நவம்பர் 15. இவர்கள் ஹஜ்ஜை முடித்து ஜித்தாவில் இருந்து ஊர் திரும்பியவர்கள், ஐஸ்லாந்து விமானம். ஓடுபாதைக்கு ஒரு மைல் அளவு முன்னால், வாப்பா சொன்ன அதே தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள், 79 பேர் தப்பினார்கள்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் அலுக்க மாட்டேன். இறங்கும் விமானிக்கு இரண்டு விஷயம் சரியாகத் தெரிய வேண்டும்: நான் எங்கே நிற்கிறேன், எவ்வளவு உயரத்தில் நிற்கிறேன். 1974இல் இடம் பிழைத்தது. 1978இல் உயரம் பிழைத்தது.

1974ஐப் பாருங்கள். 2,000 அடி வரை இறங்கலாம் என்று அனுமதி கிடைக்கிறது. மலைநாட்டைத் தாண்டி விமான நிலையத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்று நினைத்து இறங்குகிறார்கள். உண்மையில் இன்னும் நாற்பது கடல் மைல் கிழக்கே, மலைகளுக்கு நடுவில். உயரமானி பொய் சொல்லவில்லை. 4,300 அடிக்குக் கொஞ்சம் மேலே மோதியது. ஆனால் அது கடல் மட்டத்தில் இருந்து எவ்வளவு உயரம் என்றுதான் காட்டும், காலுக்குக் கீழே மலை இருக்கிறதா என்று காட்டாது. விமானத்தில் இருந்த டொப்ளரையும் (எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணிக்க உதவும் கருவி) வானிலை றேடாரையும் நம்பியதில் தவறாகக் கணிக்க இடம் வந்தது என்பதுதான் விசாரணையின் முடிவு.

என் பெரியப்பா திருகோணமலையில் வள்ளம் வைத்திருந்தவர். இரவில் மழைக்குள் கரைக்குத் திரும்பும்போது கோணேசர் மலைப் பக்கம் வெளிச்சம் தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகள், "கரை வந்திட்டுது" என்று கத்துவோம். அவர் வாய் திறக்க மாட்டார். முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார். கயிறு தளர்ந்ததும் முடிச்சுகளை விரலால் தடவி எண்ணுவார், இருட்டில் கண் தேவையில்லை. அப்புறம்தான் சுக்கானில் கை வைப்பார்.

1978இல் நல்ல மழை, இடி. விமானம் ஓடுபாதைக்கு நேரேதான் வந்தது. ஆனால் இறங்க வேண்டிய சரிவுக்குக் கீழே போய்விட்டது. இங்கே பழி யாருக்கு என்பதில் இரண்டு நாடும் ஒத்துப்போகவில்லை. விமானிகள் முறைப்படி உயரத்தைச் சரிபார்க்கவில்லை என்றது இலங்கை. விமான நிலையத்தின் கருவியிலும் கட்டுப்பாட்டாளரிலும்தான் பிழை என்றது ஐஸ்லாந்து. ஒரு பக்க அறிக்கையை மட்டும் வாசித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. பெரியப்பாவின் ஈயக்குண்டு விமானத்துக்கு எப்போது வந்தது? ரேடியோ உயரமானி அதுதான். கீழே அலையை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தரை எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும். தரை வேகமாகக் கிட்ட வந்தால் "மேலே இழு" என்று கத்தும் பெட்டி ஒன்றை அதோடு சேர்த்து உருவாக்கினார் டொன் பேட்மன் என்ற கனடாவில் பிறந்த பொறியியலாளர். மஸ்கெலியா விபத்துக்கு மூன்று நாள் முன்னால், டிசம்பர் 1ஆம் திகதி, வாஷிங்டனுக்குக் கிட்ட ஒரு விமானம் இதே மாதிரி மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கா இந்தப் பெட்டியைக் கட்டாயமாக்கியது. ஒரே கிழமை, ஒரே வகைப் பிழை, உலகத்தின் இரண்டு மூலை.

ஆனால் அந்தப் பெட்டியிலும் ஒரு குறை. அது நேரே கீழேதான் பார்க்கும். முன்னால் செங்குத்தாக மலை எழும்பினால் கத்துவதற்கு நேரம் இருக்காது. அதனால் 1990களில் பேட்மனின் ஆட்கள் உலகத்தின் நில வரைபடத்தையே பெட்டிக்குள் ஏற்றினார்கள். அதற்குச் சோவியத் இராணுவம் தயாரித்த வரைபடங்களையும் தேடி வாங்கினார்கள். பனிப்போரில் குண்டு போடக் கீறிய படம் பயணிகளைக் காப்பாற்ற வந்தது, எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம். அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தனியாக ஒரு வீடியோ போடச் சொன்னால் போடுவேன்.

அடுத்த கேள்வி நிலாவெளியில் இருந்து வந்திருக்கிறது.