ரயிலுக்கு ஓர் அட்டவணை, கடலுக்கு ஓர் அட்டவணை: ஸ்கெரீஸ் போய்வருவது எப்படி?

[திரையில்: டப்ளின் கானலி நிலையம், வடக்கே போகும் நடைமேடை]

வணக்கம். டப்ளினுக்கு வந்தவர்கள் ஒருநாள் கடலோரம் போகவேண்டும் என்றால் ஹவுத், இல்லாவிட்டால் ப்ரே என்று யாராவது சொல்லிவிடுவார்கள். இரண்டும் நல்ல ஊர்கள்தான், கூட்டமும் அதற்குத் தகுந்தாற்போல இருக்கும். நாம் இன்று பார்க்கப்போவது ஸ்கெரீஸ். நகர மையத்திலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். 2022 மக்கள்தொகைக் கணக்கின்படி பத்தாயிரம் பேருக்குச் சற்று அதிகமானவர்கள் வாழும் ஊர். அவர்களில் பலர் காலையில் ரயிலேறி டப்ளினுக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள்.

சுற்றுலாக் கையேடுகள் இந்த ஊருக்கு அரைப் பக்கம் ஒதுக்கும்: துறைமுகம், காற்றாலை, கடற்கரை, ஐஸ்கிரீம். அதைப் படித்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள் என்பது என் கணிப்பு. காரணம் எளியது. இந்த ஊரில் இரண்டு அட்டவணைகள் நடப்பில் இருக்கின்றன. ஒன்று ரயிலுடையது, மற்றொன்று கடலுடையது. வெளியூர்க்காரர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

முதலில் ரயில்.

கானலி நிலையத்தில் ட்ரோஹெடா அல்லது டண்டாக் போகும் புறநகர் ரயிலில் ஏறவேண்டும். டாரா ஸ்ட்ரீட், பியர்ஸ் நிலையங்களிலும் ஏறலாம். பெல்ஃபாஸ்ட் போகும் என்டர்பிரைஸ் விரைவு ரயில் இங்கே நிற்காது, அதில் ஏறிவிடாதீர்கள். பயணம் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 33 என்ற எண்ணுள்ள பஸ்ஸும் உண்டு. ஆனால் அது ஊர் ஊராக நின்று, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆடி அசைந்து வரும். நேரம் மிச்சமுள்ளவர்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைப்பேன். கட்டணத்துக்கு லீப் கார்டு என்ற பயண அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள், தனி டிக்கெட்டைவிட மலிவு.

காலையில் போவதில் ஒரு வசதி இருக்கிறது. ஊரே தெற்கு நோக்கி வேலைக்குப் போகும் நேரத்தில் நீங்கள் வடக்கு நோக்கிப் போகிறீர்கள். எதிர்ப்பக்க ரயிலில் மூச்சுவிட இடமில்லாமல் நிற்பார்கள். உங்களுக்கு ஜன்னலோரம் கிடைக்கும். ரயில் போகும் திசையில் வலப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

[திரையில்: மாலஹைட் முகத்துவாரம், ரயில் பாலத்தின் வான்வழிக் காட்சி]

மாலஹைட் நிலையம் தாண்டியதும் ரயில் ஒரு முகத்துவாரத்தின் குறுக்கே போகிறது. பெரும்பகுதி கரைமேடு, நடுவே பாலம். இங்கே தலையை நிமிர்த்திப் பாருங்கள். நான் சொன்ன இரண்டு அட்டவணைகளும் ஒன்றோடொன்று மோதிய இடம் இதுதான்.

டப்ளின்–ட்ரோஹெடா ரயில்பாதை 1844-இல் திறக்கப்பட்டது. அப்போது இங்கே மரப்பாலம். பிறகு இரும்பு வந்தது, 1960-களில் கான்கிரீட் வந்தது. ஆனால் தூண்கள் நிற்பது நீருக்கடியில் கல்லைக் கொட்டி எழுப்பிய ஒரு திட்டின்மேல். கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும்போது, முகத்துவாரத்தின் உட்பகுதியில் தேங்கிய நீர் அந்தக் கல்திட்டின்மேல் அருவியைப் போலப் பாய்ந்து வெளியேறும். ஒவ்வொரு பாய்ச்சலும் கொஞ்சம் கல்லை உருட்டிக்கொண்டு போகும். அதனால் பழைய நாட்களில் ரயில்வேக்காரர்கள் அவ்வப்போது புதிய கல்லைக் கொண்டுவந்து கொட்டுவது வழக்கமாக இருந்தது.

2009 ஆகஸ்ட் 21 அன்று மாலை, நான்காம் தூண் சரிந்தது. பால்பிரிகனிலிருந்து டப்ளின் போன ஒரு புறநகர் ரயில் அந்தச் சமயத்தில்தான் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தின் கீழே தளம் இறங்குவதை ஓட்டுநர் கவனித்தார். ரயிலைக் கடத்திவிட்டு உடனே சிக்னல் அறைக்குத் தகவல் சொன்னார். மற்ற ரயில்கள் நிறுத்தப்பட்டன. ஒருவருக்கும் காயமில்லை. அந்த வாரத்தின் தொடக்கத்திலேயே கடற்சாரணர் குழுத் தலைவர் ஒருவர் தூணருகே நீரோட்டம் மாறியிருக்கிறது என்று எச்சரித்திருந்தார். பொறியாளர் வந்து பார்த்தும் ஆபத்து கண்ணில் படவில்லை.

விசாரணை அறிக்கை சொன்ன காரணங்களில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒன்று. கல் கொட்டவேண்டும் என்ற அறிவு நிறுவனத்திலிருந்தே தொலைந்துபோயிருந்தது. அதை அறிந்த பழைய ஊழியர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அது கைமாறவில்லை. தூண் எதன்மேல் நிற்கிறது என்பதே சரியாகத் தெரியாமல் போயிற்று. கடல் மட்டும் தன் வேலையை ஒருநாளும் நிறுத்தவில்லை. பாதை நவம்பர் 16 வரை மூடப்பட்டது. ஸ்கெரீஸ்வாசிகளுக்கு அந்த இலையுதிர்காலம் முழுவதும் மாற்றுப் பஸ், நெரிசல், அதிகாலை எழுதல் என்று கழிந்தது. ஒற்றை ரயில்பாதையை நம்பி ஓர் ஊர் வளர்வது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று அப்போது பலருக்கு உறைத்திருக்கும். இப்போது ட்ரோஹெடா வரை டார்ட் என்ற டப்ளினின் மின்சாரப் புறநகர் ரயிலை நீட்டும் திட்டம் பேசப்படுகிறது. அதுவும் இதே முகத்துவாரத்தைக் கடந்துதான் வரவேண்டும்.

[திரையில்: ஸ்கெரீஸ் நிலையம், பின்னணியில் காற்றாலைகள்]

இறங்கிவிட்டோம். நிலையம் ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். அதற்குமுன் காற்றாலைகள். ஐந்து இறக்கைகள் கொண்ட பெரிய ஆலை ஒன்று, நான்கு இறக்கைகளும் ஓலைக் கூரையும் கொண்ட சிறியது ஒன்று, கீழே ஒரு நீராலை. மூன்றையும் இந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான ஃபிங்கல் கவுன்சில் பழுதுபார்த்து வைத்திருக்கிறது. வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பார்க்கலாம். சனிக்கிழமை என்றால் விவசாயிகள் சந்தையும் இருக்கும். ஆலைகள் எங்கேயும் ஓடிப்போகாது. அதனால் அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, இப்போது கடலுக்குப் போவோம்.

இரண்டாவது அட்டவணை. ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை பத்து மணிக்கு நீர் வற்றினால், நாளை பதினொன்றுக்குச் சற்று முன்புதான் வற்றும். நேற்று வந்துபோன நண்பர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் மூன்றரை மீட்டர் உயர வேறுபாடு இருக்கும். கரை சரிவு குறைந்த மணற்பரப்பு. ஆகவே மூன்றரை மீட்டர் இறங்கும் நீர், கிடையாகப் பார்த்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்கிவிடும். நம் கடற்கரைகளில் அலைகள் ஒரே கோட்டில் வந்து அடிப்பதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முதல்முறை இது நம்பமுடியாததாக இருக்கும். காலையில் கடலாக இருந்தது மதியம் மைதானமாகிவிடுகிறது.

[திரையில்: தென் கடற்கரை, வற்றிய நேரத்தில் ஷெனிக் தீவு]

இதை நேரில் அறிய ஷெனிக் தீவு போதும். தென் கடற்கரையிலிருந்து பார்த்தால் எதிரே தெரியும், மேலே ஒரு மார்ட்டெல்லோ கோபுரத்தோடு. நெப்போலியன் படையெடுத்து வருவான் என்று அஞ்சி ஆங்கிலேய அரசு 1804–05-இல் இந்தக் கடலோரம் முழுக்கக் கட்டிய வட்டக் கோபுரங்களில் ஒன்று. நெப்போலியன் வரவில்லை. கோபுரங்கள் மட்டும் எதற்கோ காத்திருப்பதுபோல நிற்கின்றன. நீர் நன்றாக வற்றும் நாட்களில் அந்தத் தீவுக்கு மணலில் நடந்தே போகலாம்.

இந்த இடத்தில்தான் ஆண்டுதோறும் யாராவது சிக்கிக்கொள்கிறார்கள். தவறு எல்லோருக்கும் ஒன்றே: நீர் வற்றிமுடித்த பிறகு சாவகாசமாகக் கிளம்புகிறார்கள். அப்போது கடல் திரும்பத் தொடங்கியிருக்கும். நீர் எதிரிலிருந்து வராது. தீவின் இரு பக்கமாகவும் சுற்றிவந்து, உங்களுக்கும் கரைக்கும் நடுவே உள்ள தாழ்ந்த மணலை முதலில் நிரப்பும். நீங்கள் தீவில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் பாதை போய்விட்டிருக்கும். வற்றும் நேரத்துக்கு முன்பே கிளம்புங்கள், வற்றும் நேரத்திலேயே திரும்பத் தொடங்குங்கள். மூடுபனி இருந்தாலோ, அன்றைய வற்றம் எவ்வளவு ஆழமானது என்று தெரியாவிட்டாலோ போகவே வேண்டாம். நாயோடு நடக்கும் உள்ளூர்க்காரர் யாரையாவது கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். சிக்கிவிட்டால் நீந்த முயலாதீர்கள். 112 அல்லது 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள். ஊரிலேயே ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்பு அமைப்பின் உயிர்காப்புப் படகு நிலையம் இருக்கிறது. அதில் பணியாற்றுகிறவர்கள் தன்னார்வலர்கள். நீங்கள் கூப்பிட்டால், சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவார்கள். அந்த நினைப்பு இருந்தால் போதும், நேரம் பார்க்காமல் நடக்கமாட்டீர்கள்.

குளிக்க வேண்டுமா? அப்படியானால் கணக்கு தலைகீழ். ரெட் ஐலண்ட் என்ற முனையில், கேப்டன்ஸ், ஸ்பிரிங்கர்ஸ் என்ற பாறைத் துறைகளில், நீர் ஏறியிருக்கும்போதுதான் இறங்க முடியும். தீவு நடையும் குளியலும் ஒரே மணியில் நடக்காது, நடுவே ஆறு மணி நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் உங்கள் நாளையே அடுக்கவேண்டும். ஆகஸ்டிலும் நீர் 15 டிகிரி அளவில்தான் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் டிசம்பரிலும் இறங்குகிறார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் குதித்துவிட வேண்டாம். பலத்த மழைக்குப் பிறகு நீரின் தரம் குறைந்தால் கவுன்சில் குளிக்கத் தடை அறிவிக்கும், அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

பெயர்தான் ஐலண்ட், இன்று ரெட் ஐலண்ட் கரையோடு சேர்ந்த ஒரு முனை. 1947-இல் இங்கே ஒரு விடுமுறை முகாம் திறக்கப்பட்டது. அறை, சாப்பாடு, கேளிக்கை எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒரே கட்டணம். வந்தவரிடம் மேற்கொண்டு பணம் பறிக்க வழியில்லை. அவரை அடுத்த ஆண்டும் வரவைப்பது ஒன்றே லாபம். முகாமை நடத்தியவரின் மகன் ஃபெர்கல் க்வின் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டுபோய் சூப்பர்க்வின் என்ற கடைச் சங்கிலியை உருவாக்கினார். பின்னாளில் செனட்டரும் ஆனார். முகாம் இன்று இல்லை. புல்வெளியும் இன்னொரு மார்ட்டெல்லோ கோபுரமும் கார் நிறுத்துமிடமும்தான் மிச்சம். வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அந்த இடத்தில் காரை நிறுத்த முயல்கிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

[திரையில்: ரெட் ஐலண்டிலிருந்து தெரியும் தீவுகள், தொலைவில் ராக்கபில்]

இந்த முனையில் நின்றால் கோல்ட் தீவும் புனித பேட்ரிக் தீவும் தெரியும். அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக் அந்தத் தீவில் தங்கியிருந்தபோது, அவர் இல்லாத நேரம் பார்த்து ஸ்கெரீஸ்காரர்கள் அவருடைய ஆட்டைத் திருடித் தின்றுவிட்டார்கள் என்பது ஊர்க்கதை. கோபத்தில் அவர் ஒரே எட்டில் கோல்ட் தீவு, அடுத்த எட்டில் ரெட் ஐலண்ட் என்று வந்து நின்றார். பாறையில் கால் பதிந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். ‘நாங்கள் எடுக்கவில்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தவர்களுக்கு ஆட்டுக் கனைப்புதான் வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகே பேச்சு திரும்பியதாம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இவர்களை ஆடுகள் என்று கேலி செய்வார்கள், இவர்களும் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கதை ஒருபுறம் இருக்க, அந்தத் தீவில் மடாலயம் இருந்தது வரலாறு. 798-இல் வைக்கிங்குகள் அதை எரித்தார்கள் என்று ஐரிஷ் ஆண்டுக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன.

இன்னும் தொலைவில், கலங்கரை விளக்கத்தோடு தெரியும் இரட்டைப் பாறை ராக்கபில். பெரியதற்குப் பசு என்றும் சிறியதற்குக் கன்று என்றும் பெயர். 1860-இல் ஏற்றிய விளக்கு 1989-இல் தானியங்கியானது. காவலர்கள் வெளியேறினார்கள். ஆனால் அதே ஆண்டு முதல் கோடைகாலங்களில் பறவை ஆய்வாளர்கள் வந்து தங்கத் தொடங்கினார்கள். ஐரோப்பாவிலேயே அதிக எண்ணிக்கையில் ரோஸியேட் ஆலாக்கள் கூடுகட்டுவது அந்தப் பாறையில்தான், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைகள். குளிர்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்விடும் பறவைகள் அவை. இனப்பெருக்கக் காலத்தில் பாறையில் யாரையும் இறங்கவிடுவதில்லை. கோடையில் படகில் சுற்றிவந்து பார்க்கலாம்.

மாலையில் துறைமுகத் தெருவுக்கு வாருங்கள். அயர்லாந்தின் கிழக்குக் கடலோர ஊர் ஒன்றில் சூரியன் கடல்பக்கம் மறைவதைப் பார்க்க முடியுமா? இங்கே முடியும். முனை வளைந்திருப்பதால் துறைமுகம் மேற்கு பார்த்து அமைந்திருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே மோர்ன் மலைகள்கூடத் தெரியும். இறால் பிடிக்கும் படகுகள் நிற்கும் துறை என்பதால், எதிரே உள்ள பப்களில் இறால் கேட்டுச் சாப்பிடுங்கள். பொரித்த மீன் எல்லா ஊரிலும் கிடைக்கும்.

இனி ஒரு சிக்கல். நீங்கள் வரக்கூடிய ஒரே நாளில் வற்றம் விடிவதற்கு முன்பும் மாலை இருட்டிய பிறகும் வந்தால் என்ன செய்வது? தீவை மறந்துவிடுங்கள். ஆலைகளைப் பாருங்கள், பிறகு வடக்கே ஆர்ட்கில்லன் மாளிகைப் பூங்காவுக்குப் போங்கள். 1738-இல் கட்டத் தொடங்கிய வீடு, கீழே கடல், நடுவே ரயில்பாதை. அங்கிருந்து நடக்கிறவர்கள் திரும்பி ஸ்கெரீஸுக்கு வரவேண்டியதில்லை, பால்பிரிகன் நிலையத்திலும் ரயிலேறலாம். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு. திரும்பும் ரயிலின் நேரத்தை மட்டும் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.